ஈரலின் தழும்பும் தளிர்ப்பும்

சேலத்துக்கும் இராசிபுரத்துக்கும் அண்மையிலுள்ள வெண்ணந்தூர் நெசவாளர் வாழும் ஊர். அவ்வூர்த் தறிகளில் உருவாகும் துணியைக் கூர்ந்து நோக்குவோமாயின், பாவும் ஊடையும் ஒன்றையொன்று ஒழுங்காகத் தழுவி நிற்பதைக் காணலாம். அத்துணி எங்கேனும் கிழிந்துவிடின், அதனைச் சீர்படுத்த இரு வழிகள் உள. கைதேர்ந்தவர், அறுந்த இழைகளுக்கு ஈடாகப் புதிய இழைகளைப் பழைய ஒழுங்கிலேயே ஓட்டி, கிழிசல் இருந்த இடமே தெரியாமற் செய்துவிடுவர். அதற்குப் பொழுதும் பொறுமையும் இல்லாதவர் கிடைத்த நூலைக்கொண்டு இழுத்துத் தைத்துவிடுவர். கிழிசல் மூடிவிடும், ஆயினும் அவ்விடம் தடித்துச் சுருங்கி விறைத்து நிற்கும்.

நம் உடம்பும் இவ்விரு வழிகளையும் அறிந்துள்ளது. காயமுற்ற உறுப்பு, இழந்த உயிரணுக்களுக்கு ஈடாக அவை போன்றவற்றையே மீண்டும் உண்டாக்கிக்கொள்ளுமாயின், அது தளிர்ப்பு. அவ்விடத்தை நார்ப்பொருளால் அடைத்துவிடுமாயின், அது தழும்பு. மாரடைப்பினால் மடிந்த இதயத்தசைக்கு ஈடாகப் பெரும்பாலும் தழும்பே தோன்றுகின்றது. நுரையீரலும் சிறுநீரகமும் நெடுநாள் நோயுறின் அவ்வாறே தழும்பேறிக் கெடும். கல்லீரல் ஒன்றுதான் இவ்விரண்டையும் பேரளவிற் செய்யவல்லது. அது வியக்கத்தக்கவாறு தளிர்க்கும். அஞ்சத்தக்கவாறு தழும்பேறவும் செய்யும். ஏறிய தழும்பு மீளுமா என்பதே நெடுங்காலம் வைத்தியரை மயக்கிய வினா. அவ்வினாவுக்கு விடை காண உதவியவற்றுள் ஒன்று நம் நாட்டு அடுக்களையிலேயே இருந்தது என்பதை இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம்.

முதலில் ஈரலின் இயல்பைச் சிறிது காண்போம். வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுள்ளது. வலப்பக்க விலா எலும்புகளின் மறைவில் அமர்ந்து, பித்தநீரைச் சுரந்தும், சர்க்கரையைச் சேமித்தும், இரத்தம் உறைதற்கு வேண்டிய புரதங்களை ஆக்கியும், நச்சுப்பொருள்களை மாற்றி வெளியேற்றியும் ஓயாது உழைக்கின்றது. நாம் உண்பனவும் பருகுவனவும் குடலில் செரித்து இரத்தத்திற் கலந்தபின், அவ்விரத்தம் உடலெங்கும் பரவுமுன் ஒரு பெருநாளத்தின் வழியே ஈரலுக்கே முதலிற் செல்கின்றது. ஆதலின் உணவோடு வரும் நஞ்சை முதலில் எதிர்கொள்ளும் காவலாளி ஈரலே. அடிக்கடி அடிபடும் காவலாளிக்கு விரைவில் ஆறும் ஆற்றலும் அளிக்கப்பட்டிருத்தல், படைப்பில் நாம் காணும் பேரொழுங்குகளுள் ஒன்றாகும்.

அவ்வாற்றலைக் குறித்துக் கிரேக்கர் ஒரு கதை கூறினர். தேவர்க்குரிய நெருப்பைக் கவர்ந்து மாந்தர்க்குத் தந்த பிரொமீதியஸ் பாறையிற் பிணிக்கப்பட்டான். பகலில் கழுகு உண்ட அவன் ஈரல் இரவில் மீண்டும் வளர்ந்தது. அக்கதை புனைந்தோர் ஈரலின் இயல்பை உண்மையாகவே அறிந்திருந்தனர் என்று நாம் துணிதல் இயலாது. ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது பிற்காலத்திலேதான். 1931-இல் அமெரிக்க நாட்டில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரு பங்கை அறுத்தெடுக்கும் முறையை வகுத்தனர். எஞ்சிய ஒரு பங்கு ஏழு முதல் பத்து நாட்களுக்குள் ஏறக்குறையப் பழைய எடையை எய்தியது. அறுத்தெடுத்த பகுதி அதே வடிவில் முளைப்பதில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். எஞ்சி நின்ற பகுதியின் உயிரணுக்களே பிரிந்து பெருகி, உடலின் தேவைக்கேற்ற அளவை நிரப்புகின்றன. நிரம்பியதும் தாமே நின்றுவிடுகின்றன. இங்ஙனம் வளரத் தூண்டும் பொருள்களுள் ஒன்றை ஜப்பானிய அறிஞர் நக்கமுரா 1984-இல் எலியின் இரத்தத்திலிருந்து பிரித்துக் காட்டினார்.

இவ்வாற்றலே பின்னர் ஓர் உயிர் மற்றோர் உயிரைக் காக்கும் வழியாயிற்று. 1998-ஆம் ஆண்டில் தில்லி மருத்துவமனையொன்றில், பித்தக்குழாய் அமையாது பிறந்து ஈரல் கெட்டுப்போன ஒரு தமிழ்க் குழந்தைக்கு, அதன் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினர். இந்தியாவில் குழந்தையொன்றுக்கு வெற்றியுடன் நிறைவேறிய முதல் ஈரல் மாற்றச் சிகிச்சை அதுவே. இவ்வகைச் சிகிச்சையில் கொடுத்தவரின் ஈரலும் சில மாதங்களில் தன் அளவை நிரப்பிக்கொள்ளும். பெற்றவரின் உடலில் அமைந்த சிறு துண்டும் அவர் வளர வளரத் தானும் வளரும். அக்குழந்தை வளர்ந்து இன்று தாமே ஒரு வைத்தியராக விளங்குகின்றார்.

இத்துணை ஆற்றல் வாய்ந்த உறுப்பு ஏன் தழும்பேறிக் கெடுகின்றது? அதற்கு விடை, ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒட்டி வாழும் ஒருவகை உயிரணுக்களில் உள்ளது. 1876-இல் ஜெர்மானிய அறிஞர் குப்ஃபெர் இவற்றைக் கண்டு, விண்மீன் போன்ற வடிவால் விண்மீன் உயிரணுக்கள் என்று பெயரிட்டார். நலமுள்ள ஈரலில் இவை வைட்டமின் ஏ-யைச் சேமித்து அமைதியாக இருக்கும். அருகிலுள்ள அணுக்கள் நஞ்சினாலோ கிருமியினாலோ அழியத் தொடங்கியதும் இவற்றின் இயல்பு மாறுகின்றது. சேமித்த வைட்டமினை இழந்து, நீண்டு, சுருங்கும் தன்மை பெற்று, கொலாஜன் என்னும் நார்ப்பொருளை நூற்கத் தொடங்குகின்றன. இது தன்னளவில் தீமையன்று. இடிந்த சுவருக்கு முட்டுக்கொடுப்பது போன்ற உதவியே. காயம் ஒருமுறை நேர்ந்து நின்றுவிடின், இந்நாரும் மெல்லக் கரைந்துவிடும். காயம் நாள்தோறும், ஆண்டுதோறும் நேருமாயின், முட்டுக்கொடுத்த கம்பங்களே வீட்டை நிரப்பி வாழ்வோர்க்கு இடமின்றிச் செய்வது போல, நார்ச்சுவர்கள் ஈரலெங்கும் பரவுகின்றன. அச்சுவர்களுக்கிடையே அகப்பட்ட அணுக்கள் தளிர்க்க முயன்று முடிச்சு முடிச்சாகத் திரள்கின்றன. ஈரல் கல்போல் இறுகுகின்றது. இரத்தம் அதனூடே செல்லவியலாது தேங்குதலின் வயிற்றில் நீர் கோக்கும். உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடித்தால் இரத்த வாந்தியும் உண்டாகும். இந்நிலைக்கே சிரோசிஸ் என்று பெயர். 1819-இல் பிரெஞ்சு வைத்தியர் லென்னெக், அவ்வீரலின் பழுப்பு நிறத்தைக் கருதிக் கிரேக்கச் சொல்லினின்று இப்பெயரை அமைத்தார். இந்நிலையை எய்திய ஈரல் ஒருபோதும் மீளாது என்பதே அவர்க்குப்பின் நெடுங்காலம் வைத்தியக் கல்லூரிகளிற் கற்பிக்கப்பட்ட பாடம்.

இனி நம் நாட்டு அடுக்களைக்கு வருவோம். முன்னாளில் ஈரல் குலைக்கட்டி என்னும் சொல்லைக் கேட்டாலே தாய்மார் நடுங்கினர். நன்றாய்த் தவழ்ந்து விளையாடிய குழந்தை, ஒன்று முதல் மூன்று வயதுக்குள், காரணமின்றிச் சிணுங்கத் தொடங்கும், வயிறு உப்பும், விலாவின் கீழே ஈரல் கட்டிபோல் இறுகிக் கூரிய விளிம்புடன் கையில் தட்டுப்படும். பின்னர்க் காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோத்துச் சில மாதங்களில் உயிர் நீங்கும். ஒரு குழந்தையை இழந்த வீட்டில் அடுத்த குழந்தையும் அவ்வாறே மாள்வதுண்டு. 1887-இல் கல்கத்தாவில் சென் என்னும் வைத்தியர் இந்நோயை முதன்முதல் எழுத்தில் விவரித்தார். சென்னையிலும் இந்நோய் மிக்கிருந்தது. ஜம்மி வைத்தியசாலை குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்றே விற்ற மருந்து தென்னாடெங்கும் பெயர் பெற்றிருந்தமையே இந்நோய் எத்துணை வீடுகளை வருத்தியது என்பதற்குச் சான்று. சென்னைக் குழந்தை வைத்தியத்தின் முன்னோடியான டாக்டர் எஸ். டி. ஆச்சார் தம் துணைவரோடு 1960-இல் இந்நோய் குறித்து விரிவாக எழுதினார். எனினும் காரணம் புலப்படவில்லை. உணவுக்குறை என்றனர் சிலர். கிருமி என்றனர் சிலர். குலத்தில் வரும் குறை என்றனர் வேறு சிலர்.

1970-களின் இறுதியில் ஒரு திறவுகோல் கிடைத்தது. மாண்ட குழந்தைகளின் ஈரல் திசுவைத் தனிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் நோக்கியபொழுது, உயிரணுக்களில் தாமிரம் அளவின்றிச் செறிந்திருந்தது. இத்தாமிரம் எங்கிருந்து வந்தது? புனா நகரத்துக் கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த பாவே, பண்டிட் என்போரும், இங்கிலாந்தினின்று வந்து அவர்களோடு உழைத்த டானர் என்பாரும், நோயுற்ற குழந்தைகளின் இல்லங்களையும் நோயற்ற குழந்தைகளின் இல்லங்களையும் ஒப்பிட்டு உசாவினர். 1983-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் சுட்டியது பால் காய்ச்சும் பாத்திரத்தை. நோயுற்ற குழந்தைகளுக்குத் தாய்ப்பாலை விட்டு மிகச் சிறு பருவத்திலேயே, பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பசும்பாலோ எருமைப்பாலோ புகட்டும் வழக்கம் மிகுந்திருந்தது.

இதன் இரசாயனத்தை விளக்குதல் எளிது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பாலிலுள்ள புரதம் செம்பைப் பற்றியிழுக்கும் இயல்புடையது. ஆதலின் பித்தளையில் காய்ச்சிப் பொழுது கழிய வைத்த பாலில் தாமிரம் ஏறுகின்றது. வளர்ந்தவரின் ஈரல் மிகுதியான தாமிரத்தைப் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். பச்சிளங்குழந்தையின் ஈரலோ, பிறக்கும்பொழுதே தாமிரம் மிக்கது. வெளியேற்றும் திறனும் அதற்கு முதிர்ந்திராது. தாய்ப்பாலில் தாமிரம் மிகச் சிறிதே என்பதையும் நோக்குக. அவ்விளம் ஈரலில் தாமிரம் நாள்தோறும் படிந்து அணுக்களை அழிக்க, நாம் மேலே கூறிய தழும்பு மாதக்கணக்கில் மூடிவிடுகின்றது.

நம் முன்னோர் இதனை அறவே அறியாதிருந்தனர் என்றல் பொருந்தாது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் களிம்பு ஏறும் என்பதை அறிந்தே வெள்ளீயம் பூசும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். ஈயம் பூசுவோர் தெருத்தெருவாகக் கூவி வந்த காலம் முதியோர்க்கு நினைவிருக்கும். பூச்சுத் தேய்ந்தபின் மறுபடியும் பூச மறந்த போகணிதான் நஞ்சாயிற்று.

பித்தளைப் பாத்திரம் இருந்த வீட்டுக் குழந்தைகள் யாவரும் நோயுறவில்லையே என்று வினவலாம். அவ்வினா நியாயமானதே. தாமிரத்தைத் தாங்கவியலாத பிறவிக்கூறு ஒன்று சில குடும்பங்களில் உடன் இருந்திருத்தல் வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். பித்தளைப் பழக்கம் தெரியாத சில குழந்தைகளுக்கும் இந்நோய் நேர்ந்ததாகக் குறிப்புக்கள் உள. ஆயினும் மற்றொரு கண்டத்தினின்று வந்த சான்று ஐயத்தைப் பெரிதும் நீக்கிற்று. ஐரோப்பாவில் ஆஸ்திரிய நாட்டுத் திரோல் மலைப்பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே வகையான ஈரல் நோய்க்கு ஆளாயினர் என்பதை 1996-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அங்கும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலே குழந்தையுணவு. அங்கும் நோய் சில குடும்பங்களையே பற்றியது. பாத்திரம் மாறியதும் நோய் மறைந்தது.

நம் நாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அடுக்களையில் பித்தளை நீங்கி எவர்சில்வர் புகுந்தது. அவ்வகை உருக்குத் தகட்டையே கஞ்சமலை அடிவாரத்திலுள்ள சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கமுதல் உருட்டி வருகின்றது. அவ்வாலையை அமைத்தோர் குழந்தைகளின் ஈரலை எண்ணி அமைத்தாரல்லர். துலக்குதற்கு எளிது என்று எவர்சில்வரை வாங்கிய இல்லத்தரசியரும் அதனை எண்ணினாரல்லர். எனினும் 1990-களில் இந்நோய் இந்திய மருத்துவமனைகளில் அரிதாயிற்று.

நோய் வாராமற் காத்தது ஒருபுறமிருக்க, வந்த நோய் மீண்டதுதான் இங்கே நாம் வற்புறுத்த விரும்புவது. உடலினின்று தாமிரத்தைப் பற்றி வெளியேற்றும் பெனிசிலமின் என்னும் மருந்தை, வேறொரு தாமிர நோய்க்காக வால்ஷ் என்பவர் 1956-இல் வழக்கிற்குக் கொணர்ந்திருந்தார். புனா வைத்தியர் அதனை இக்குழந்தைகளுக்குக் கொடுத்தனர். காமாலை முற்றி வந்த குழந்தைகளைப் பெரும்பாலும் காக்க இயலவில்லை. காமாலை காணுமுன் வந்தவருட் பலர் பிழைத்தனர். அங்ஙனம் பிழைத்த 29 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நோக்கி, 1996-இல் முடிவை வெளியிட்டனர். ஊசியால் எடுத்த ஈரல் திசுவை அடுத்தடுத்துப் பார்த்தபொழுது, அழற்சி முதலில் அடங்கியது. பின்னர் நார்ச்சுவர் மெலிந்தது. இறுதியிற் சிலர்க்கு ஈரல் ஏறக்குறைய இயல்பான தோற்றத்தையே எய்தியது. மருந்து ஈரலைப் புதிதாக ஆக்கித் தரவில்லை. அது நஞ்சை அகற்றிற்று. எஞ்சிய வேலையை ஈரலே செய்துகொண்டது. நார்ப்பொருளைக் கரைக்கும் நொதிகள் ஈரலில் எப்பொழுதும் உள. நாள்தோறும் புதிய நார் குவியும்வரை அவை தோற்று நிற்கின்றன. குவிதல் நின்றால் அவை வெல்லத் தொடங்குகின்றன.

இஃது ஒரு நோய்க்கு மட்டும் உரிய விதிவிலக்கன்று. ஹெப்படைட்டிஸ் பி என்னும் கிருமியை 1960-களிற் கண்டறிந்து 1976-இல் நோபெல் பரிசு பெற்றவர் புளூம்பெர்க். அக்கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் என்னும் மருந்தை ஐந்தாண்டு உட்கொண்டோரின் ஈரல் திசுவை ஆராய்ந்து 2013-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேருள் 71 பேருக்கு ஐந்தாண்டின் முடிவில் அந்நிலை இல்லை. ஒருபோதும் மீளாது என்ற பழைய பாடம் இவ்வாறு திருத்தப்பட்டது.

திருத்தம் ஒன்றைச் சொல்லும்பொழுது அதன் எல்லையையும் சொல்லல் கடன். நார்ச்சுவர் மிகத் தடித்து, இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, இரத்த ஓட்டமே திசைமாறியபின் மீட்சி அரிது. அந்நிலையில் ஈரல் மாற்றமே பலர்க்கு வழி. தழும்பைக் கரைக்கும் மருந்துகளும் இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளன. கொழுப்பேறிய ஈரலின் தழும்புக்கென 2024-இல் அமெரிக்க அரசு ரெஸ்மெடிரோம் என்னும் மருந்துக்கு இசைவளித்தது. அம்மருந்தின் சோதனையில் தழும்பு ஒரு படியேனும் குறைந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர். வெறும் மாத்திரை உண்டோருள்ளும் 14 பேருக்குக் குறைந்தது. ஆகவே, காரணத்தைக் களைதலுக்கு நிகரான மருந்து இன்னும் தோன்றவில்லை என்றே யாம் கருதுகின்றோம்.

அக்காரணங்கள் இன்று எவை? மது, ஹெப்படைட்டிஸ் பி, சி என்னும் கிருமிகள், உடற்பருமனோடும் நீரிழிவோடும் வரும் கொழுப்பு. இவை யாவும் ஓசையின்றி உழைப்பவை. ஈரலின் பெரும்பகுதி கெடும்வரை வலியொன்றும் தோன்றாது. காமாலை கண்டபின் விழிப்போர், புனாவுக்குக் காலந்தாழ்த்து வந்த குழந்தைகளின் நிலையிலேயே வைத்தியரை அடைகின்றனர். காமாலை என்பது தனியொரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். காமாலையெனில் கீழாநெல்லி என்பது நம்மவர் வழக்கம். அதனையும் அறிஞர் புறக்கணித்தாரல்லர். சென்னைத் தியாகராஜனும் மேற்கூறிய புளூம்பெர்க்கும் வேறு சிலரும் கூடி, ஹெப்படைட்டிஸ் பி கிருமியுடையோர்க்குக் கீழாநெல்லியைக் கொடுத்து ஆராய்ந்து 1988-இல் முடிவை வெளியிட்டனர். அதனை உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்தினின்று கிருமியின் அடையாளம் நீங்கியதாகக் கண்டனர். எனினும் பிற நாடுகளிற் பின்னர் நடந்த சோதனைகள் அப்பயனைக் காணவில்லை. நம் மூலிகையின்பால் அன்பு வைத்தல் குற்றமன்று. அதனை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுதலே குற்றம். இரத்தப் பரிசோதனையும், ஒலியலையால் ஈரலின் இறுக்கத்தை ஊசியின்றி அளக்கும் கருவியும் இன்று நம் நகரங்களில் உள்ளன. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 2011 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்குரிய தடுப்பூசி வரிசையில் இடம்பெற்றுள்ளது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதனை இடுவித்தல் பெற்றோர் கடமை.

முடிக்குமுன் அடுக்களையைக் குறித்து ஒரு சொல். பழமையின்பாற் கொண்ட பற்றினால் பித்தளையும் செம்பும் இப்பொழுது பல இல்லங்களில் மீண்டும் இடம்பெறுகின்றன. சீராக வந்த அண்டாவையும் குடத்தையும் எறிந்துவிடுக என்று யாம் கூறவில்லை. பாலும் மோரும் புளியும் உட்புறம் வெள்ளீயம் பூசாத பாத்திரத்தில் காய்ச்சவும் வைக்கவும் வேண்டா. பூச்சுத் தேய்ந்ததா என்று நோக்குக. கைக்குழந்தைக்குரிய பாலை அவற்றில் ஒருபோதும் காய்ச்சற்க. அக்குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும். பாட்டியின் பாத்திரத்தைப் போற்றும் நாம், அப்பாட்டி இழந்த குழந்தைகளையும் மறவாதிருத்தல் வேண்டும்.

விடுமுறையில் தத்தம் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், இவ்வாண்டு வீட்டாரிடம் இரண்டு வினாக்களைக் கேட்டு வருவாராக. நம் வீட்டுக் குழந்தையின் பால் எப்பாத்திரத்தில் காய்கின்றது? நம் வீட்டில் மதுப்பழக்கமோ நீரிழிவோ உடையவர் தம் ஈரலைப் பரிசோதித்து எத்துணை நாளாயிற்று? ஈரல் தன் கிழிசலைத் தானே நெய்துகொள்ளும் திறனுடையது. நாள்தோறும் அதனைக் கிழியாதிருத்தல் ஒன்றே அது நம்மிடம் வேண்டுவது.